தோற்றவன் வீடு திரும்பும் நாடு

துஷான்பே
14 மே 1992

மொஹிரா,

சாவியை எதிர்வீட்டு லிதியா செம்யோனொவ்னாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவன், ஒரு ருஷ்யக் கிழவியின் கதவைத் தட்டி என் வீட்டுச் சாவியைக் கேட்டு வாங்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறந்த வீட்டுக்குத்தானே போயிருக்கா? நாலு நாள் நல்லா தூங்கு" என்றாள். நான் தூங்கவில்லை.

நீ போன அன்றைக்கே சமாதானம் வந்துவிட்டது. இதைத்தான் உன்னால் பொறுத்துக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரே ஒரு நாள் இருந்திருந்தால் நாம் சண்டை போட்டிருக்கவே வேண்டாம். அரசாங்கமும் அதை எதிர்த்தவர்களும், இரண்டு தரப்பும் ஒரே மந்திரிசபையில் உட்காரச் சம்மதித்துவிட்டன. இந்தத் தலைநகரில் வசந்தம் முழுக்க ஒருவரையொருவர் ஒலிபெருக்கியில் வைது தீர்த்த இரண்டு சதுக்கங்களையும் நேற்று நடந்து பார்த்தேன். எங்கள் ஆட்கள் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் ஆட்கள் சமையல் அண்டாக்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பார், எங்கள், உங்கள் என்று எனக்கும் எழுத வருகிறது. நான் ரஷ்த் பள்ளத்தாக்கில் பிறந்தவன், நீ குலோபில் பிறந்தவள் என்பது நமக்குள் ஒரு கேலியாக மட்டும்தானே இருந்தது? எங்கள் ஊர் ஆப்பிளா, உங்கள் ஊர் தர்பூசணியா என்பதற்கு மேல் அது எப்போது போனது?

இன்னொரு செய்தி. புதிய அரசியல் சட்டமும் தேர்தல் சட்டமும் எழுதும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். ஒற்றைப் பெயர் அச்சடித்த சீட்டை எழுபது வருஷம் பெட்டியில் போட்ட ஜனம் நாம். அந்தச் சீட்டில் இனி இரண்டாவது பெயர் எப்படி வரும் என்பதை நான் எழுதப் போகிறேன். இதை விட்டுவிட்டு உன் பின்னால் வா என்றாயே, எப்படி வருவேன்?

உன் அண்ணனிடம் சொல். சதுக்கத்தில் அரசாங்கம் கொடுத்த துப்பாக்கியை அவன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மச்சான் என்ற உரிமையில் சொல்கிறேன். நிகினாவுக்கு முத்தங்கள்.

ஹிக்மத்

*

குலோப்
2 ஜூன் 1992

நிகினாவோட அப்பாவுக்கு,

நான் சொல்லாம போன மாதிரி எழுதியிருக்கீங்க. மூணு தடவை சொன்னேன். மூணாவது தடவை நீங்க ஏதோ பிரெஞ்சுக்காரங்க சட்டத்தைப் படிச்சிக்கிட்டு "ம்" கொட்டினீங்க. கீழ லாரியில ஸஃபர் அண்ணன் ஹாரன் அடிச்சிக்கிட்டே இருந்தான். உங்க ஆளுங்க நம்ம தெரு முனையில வர்றவங்க போறவங்களையெல்லாம் நிறுத்தி, எந்த ஊர்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் எந்த ஊர்னு சொல்லணும்? உங்க ஊர்னா, என் வாயைத் திறந்ததும் பேச்சு காட்டிக்கொடுத்துடும்.

இங்கயும் அதே கதைதான். சந்தையில தயிர் விக்கிறவ, "உன் வீட்டுக்காரர் அவங்க பக்கம்தானே, அங்க போய் வாங்கிக்கோ"ன்னுட்டா. கல்யாணத்துக்கு முன்னாடி இங்க வேலை பாத்தப்ப அவளுக்கு ரெண்டு பிரசவமும் நான்தான் பார்த்தேன். என் மூஞ்சிக்கு நேரா சொல்றா.

உங்க மாமனார் உங்க கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "மாப்பிள்ளை சட்டத்துல மாமனாருக்குன்னு ஒரு வரி எழுதச் சொல்லு, பேத்தி என்கூடவே இருக்கணும்னு"ன்னு சிரிச்சார். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. "அவன் நல்லவன். நல்லவங்க எழுதுறதை யாரு படிப்பா?"ன்னார்.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னீங்கன்னு ஸஃபர் அண்ணன்கிட்ட சொன்னேன். "யார்கிட்ட கொடுக்கணும்னு மாப்ள எழுதலியே?"ன்னு கேட்டான். கேலியாத்தான் கேட்டான். ஆனா எனக்கும் அதே சந்தேகம். நீங்க எழுதுற சட்டத்துல யார் ஓட்டு போடலாம், எப்படி எண்ணணும், எல்லாம் இருக்கும். துப்பாக்கியை யார் வாங்கி வைக்கிறதுன்னு ஒரு பிரிவு இருக்கா? இருந்தா அதை முதல்ல எழுதுங்க.

இங்க ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேர்ந்துட்டேன். நிகினா நல்லா இருக்கா.

மொஹிரா

*

துஷான்பே
28 ஜூன் 1992

மொஹிரா ஜான், என் உயிரே,

உன் கேள்வியைக் குழுவில் எழுப்பினேன். என் மனைவி கேட்டது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்த மனைவி எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள். ஆயுதங்களை ஒப்படைப்பது பற்றி ஒரு பிரிவு வேண்டும் என்றேன். குலோப்காரர் ஒருவர், "முதல்ல அவங்க கொடுக்கட்டும்" என்றார். எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர், "முதல்ல வாங்கினது யாரு?" என்றார். அத்தோடு மதியச் சாப்பாட்டுக்குக் கலைந்தோம். சாப்பிட்டபின் இருவருமே திரும்பி வரவில்லை.

நான் என்ன எழுதப் பார்க்கிறேன் என்று உனக்குச் சொல்கிறேன். வேறு யாருக்கும் கேட்கப் பொறுமை இல்லை. ஜெயித்தவன் எப்படி ஆள வேண்டும் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குத் தோற்றவனைப் பற்றித்தான் கவலை. தோற்றவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். அவன் வேலை போகக் கூடாது. அவன் ஊருக்கு ரொட்டி நிற்கக் கூடாது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்ற வேண்டும். அடுத்த தடவை என்று ஒன்று உண்டு என்று அவன் நம்ப வேண்டும். அவ்வளவுதான் ஜனநாயகம். மற்றதெல்லாம் இதற்குப் போடும் வேலி. ஆனால் அந்த நம்பிக்கையை எந்தப் பிரிவில் எழுதுவது? நம்பு என்று சட்டம் போட முடியுமா? இதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

இங்கே ஜெயித்தவனுக்கு எல்லாமும், தோற்றவனுக்குச் சாவும் என்று இரண்டு பக்கமும் நினைக்கிறார்கள். அப்படியானால் யார்தான் தோற்கச் சம்மதிப்பார்கள்?

குழுவின் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டம்மா அங்கதானே இருக்காங்க? அடிக்கடி எழுதிக்கிறீங்களாமே?" என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். அந்த அன்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மலைப்பாதையை மூடிவிட்டதாகச் சொல்கிறார்கள். இனி என் கடிதம் வராமல் போனால், நான் எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

ஹிக்மத்

*

குலோப்
9 ஆகஸ்ட் 1992

நிகினாவோட அப்பாவுக்கு,

மாவு இல்லை.

இதை எப்படி எழுதினா உங்களுக்குப் புரியும்னு தெரியல. பாதையை அடைச்சு வச்சிருக்கிறது உங்க பக்கத்து ஆளுங்க. உங்க மந்திரிசபை பாத்துக்கிட்டு இருக்கு. தோத்தவன் ஊருக்கு ரொட்டி நிக்கக் கூடாதுன்னு அழகா எழுதியிருந்தீங்க. நாங்க தேர்தல்ல தோக்கக்கூட இல்லை. தேர்தலே இன்னும் வைக்கல. அதுக்குள்ள ரொட்டி நின்னுபோச்சு.

வார்டுல மயக்க மருந்து தீந்துபோச்சு. நேத்து ஒரு பொண்ணுக்கு வயித்தைக் கீறி பிள்ளை எடுக்க வேண்டியிருந்துச்சு. நாலு பேர் பிடிச்சிக்கிட்டாங்க. பிள்ளை பிழைச்சுது. அவ பிழைக்கல. அவ புருஷன் என்னைத் திட்டல. வெளியில போய் ஸஃபர் அண்ணன் ஆளுங்ககிட்ட தன் பேரைக் கொடுத்துட்டுத் துப்பாக்கி வாங்கிக்கிட்டான். அவன் பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியார்.

அண்ணன் இப்ப கமாண்டர். லாரி ஓட்டின ஆளு முன்னாடி பெரிய பெரிய அதிகாரிங்க எழுந்து நிக்கறாங்க. நம்ம வீட்டு முற்றத்துலதான் பஞ்சாயத்து. போன வாரம் ரெண்டு குடும்பத்துக்குள்ள கிணத்துச் சண்டை. கோர்ட்டுல எட்டு வருஷமா கிடந்தது. அண்ணன் ரெண்டு பேரையும் கேட்டான், துப்பாக்கியை மேஜை மேல வச்சான், "கிணறு இவனுக்கு. அடுத்தது யாரு?"ன்னான். தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. தோத்தவன்கூட அவன் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்துட்டுப் போனான்.

ஜனங்களுக்கு இது பிடிச்சிருக்கு. எனக்குப் பயமே அதுதான். துப்பாக்கியைப் பாத்து பயந்தா பரவாயில்லை, பயம் ஒருநாள் தெளியும். இவங்களுக்கு நிம்மதியா இருக்கு.

உங்களால முடிஞ்சா மாவு அனுப்புங்க. சட்டம் வேண்டாம்.

மொஹிரா

*

துஷான்பே
12 செப்டம்பர் 1992

மொஹிரா,

மாவு அனுப்பினேன். வந்து சேரவில்லை.

மந்திரி வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். கையெழுத்து வாங்கினேன். லாரிகளோடு நானும் ஏறிக்கொண்டேன், உன்னைப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான். கணவாய்க்குக் கீழே நிறுத்தினார்கள். நிறுத்தியவன் என் பழைய மாணவன், அரசியல் சட்ட வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன்.

"ஐயா, நீங்க இறங்கித் திரும்பிப் போயிடுங்க. இது பாடம் எடுக்கிற இடம் இல்ல."

"மந்திரி கையெழுத்து இருக்கப்பா. அங்க பிள்ளைங்க பசியில இருக்கு."

"அந்தப் பிள்ளைங்க வளந்து நம்மளைத்தான் சுடும்."

"என் பொண்ணும் அங்கதான் இருக்கா."

 அவன் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டினான். "அதிகாரம் மக்கள் கையில இருக்கணும்னு நீங்கதானே ஐயா சொல்லிக்கொடுத்தீங்க? இதோ, இருக்கு." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மூட்டைகளை இறக்கிக்கொண்டார்கள். எனக்கு ஒரு ரொட்டியும் கொடுத்து அனுப்பினார்கள். பசித்தது. தின்றேன்.

ஜனாதிபதியை எங்கள் ஆட்கள் விமான நிலையத்தில் மறித்து, துப்பாக்கி முனையில் ராஜினாமா எழுதி வாங்கியது உனக்கு எட்டியிருக்கும். நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அவர் ஜெயித்த தேர்தலும் சுத்தமானது இல்லை. ஆனால் ஓட்டுப் போட்டுத்தான் வந்தார். செய்தி வந்ததும் நண்பர்கள் எனக்குக் கை கொடுத்தார்கள். அந்தக் கையை நானும் குலுக்கினேன், மொஹிரா. கைகழுவும் இடத்துக்குப் போய் நின்றபோதுதான் உறைத்தது. இவரை இப்படி இறக்கலாம் என்றால், அடுத்து வருபவரையும் இப்படித்தான் இறக்குவார்கள். இனி இந்த நாட்டில் யாரும் ஓட்டுப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

இன்றைக்குக் குழுக் கூட்டம். நான் மட்டும்தான் போனேன். காவலாளி அறையைத் திறந்துவிட்டு, "எல்லாரும் வருவாங்களா, விளக்கைப் போடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நீ சொன்னபோதே வந்திருக்கலாம் என்று எழுதமாட்டேன். வந்திருந்தால் என்னை உன் அண்ணனின் ஆட்கள் கொன்றிருப்பார்கள். எனக்குப் போக ஒரு பக்கம் இல்லை.

ஹிக்மத்

*

குலோப்
21 நவம்பர் 1992

ஹிக்மத்,

பேர் சொல்லிக் கூப்பிடறேன், மன்னிச்சுக்குங்க. முகவரியில உங்க முழுப் பேரை எழுதக் கூடாதுன்னு இதைக் கொண்டுவர்ற நர்ஸ் சொல்லிட்டா, அதான் யாருக்குன்னு உள்ள எழுதறேன்.

உடனே கிளம்புங்க. வடக்கே ரயில் ஓடினா ஏறிப் போயிடுங்க. லிதியா அம்மாவோட ருஷ்யாவுக்குப் போக முடிஞ்சா போயிடுங்க. இங்க எல்லாரும் தலைநகருக்குக் கிளம்பறாங்க. டாங்கி எல்லாம் வந்திருக்கு, எங்கேருந்துன்னு கேக்காதீங்க. பாஸ்போர்ட்டுல பொறந்த ஊரைப் பாக்கறாங்களாம். பாஸ்போர்ட் இல்லாதவனை ஒரு வார்த்தை பேசச் சொல்லிக் கேக்கறாங்களாம்.

நான் ஸஃபர் அண்ணன் காலைப் பிடிச்சேன். எங்கப்பா பாத்துக்கிட்டு இருந்தார். நிகினாவும் பாத்தா. "அண்ணே, அவரு சட்டம் எழுதினவரு, யாரையும் ஒண்ணும் செய்யல"ன்னேன். அவன் பூட்ஸ் கயித்தைக் கட்டிக்கிட்டே, "மாப்ளயை நான் பாத்துக்கறேன்"ன்னான்.

எந்த அர்த்தத்துல சொன்னான்னு தெரியல. அவன் முகத்தைப் பாத்தேன். கூடப்பொறந்தவன் முகம், ஒண்ணும் தெரியல.

கிளம்பிடுங்க. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளுங்க.

மொ.

*

மஸார் அருகே, அகதி முகாம், ஆப்கானிஸ்தான்
17 பிப்ரவரி 1993

மொஹிரா,

உயிரோடு இருக்கிறேன். செஞ்சிலுவைக்காரர்கள் கடிதங்களை வாங்கிக்கொள்கிறார்கள். திறந்தே கொடுக்க வேண்டும், அரசியல் எழுதக் கூடாது. குடும்பச் செய்தி மட்டும் எழுதலாமாம். ஆகவே என் மச்சானைப் பற்றி எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே மூட்டை கட்டினேன். ரயில் இல்லை. லிதியா செம்யோனொவ்னா ஒரு வாரம் அவள் அலமாரிக்குப் பின்னால் என்னை ஒளித்து வைத்தாள். எட்டாம் நாள் ஸஃபர் வந்தான். கூட ஆட்கள். கிழவி கதவை மறித்துக்கொண்டு, "இங்க யாரும் இல்ல" என்றாள். அவன் அவளைத் தள்ளவில்லை. "அம்மா, நகருங்க. எனக்குத் தெரியும்" என்றான். தன் ஆட்கள் பார்க்க என்னை வாயில் குத்தினான். முன்பல் இரண்டு போய்விட்டன. "இவன் என் கணக்கு, நானே முடிக்கிறேன்" என்று லாரியில் தூக்கிப் போட்டான்.

தெற்கே ஓட்டினான்.  சாலையோரம் கிடந்தவர்களை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. எல்லை நதிக்கு அருகே நாணல் காட்டில் நிறுத்தி இறங்கச் சொன்னான். சுடப் போகிறான் என்று நினைத்தேன்.

"போங்க மாப்ள. நிறைய பேர் கடந்துக்கிட்டு இருக்காங்க."

"மொஹிராவுக்காகவா?"

"மருமவளுக்காக. தங்கச்சி அழுதா தாங்கிப்பேன். அந்தப் பிள்ளை என் பூட்ஸைப் பிடிச்சிக்கிட்டு விடல." பிறகு சொன்னான்: "திரும்பி வராதீங்க. வந்தா நான்தான் சுடணும். வேற யாரையும் விடமாட்டேன்."

தண்ணீரில் பனிக்கட்டி மிதந்தது. ஒரு டிராக்டர் டயர் டியூபில் ஆறு பேர் தொங்கினோம். கரையேறியபோது நான்கு பேர். மற்றதை எழுத விடமாட்டார்கள், எனக்கும் எழுத வரவில்லை.

நிகினா படிக்கிறாளா?

ஹிக்மத்

*

துஷான்பே
5 செப்டம்பர் 1993

உங்களுக்கு,

நம்ம வீட்டுக்கே திரும்பி வந்துட்டோம். அண்ணன் இப்ப இந்த வட்டாரத்துக்கே தலைவர். லிதியா அம்மா ருஷ்யாவுக்குப் போயிட்டாங்க, அந்த வீட்டுல அண்ணனோட ஆளு ஒருத்தன் இருக்கான்.

ஒரு காரியம் பண்ணிட்டேன், அதனால இதைத் தபால்ல போடாம தெரிஞ்ச ஆள் கையில கொடுத்தனுப்பறேன். சுத்திவளைச்சு எழுதறதுக்கு எனக்குத் தெம்பு இல்லை. வீடு உங்க பேர்ல இருக்கு. ஓடிப்போனவன் வீடுன்னு எடுத்துக்க வந்தாங்க. பள்ளிக்கூடத்துல நிகினாவைச் சேக்கப் போனா, அப்பா எங்கன்னு கேட்டாங்க. நதிக்கு அந்தப் பக்கம்னு சொன்னா அவ எதிரியோட பிள்ளை. அண்ணன் சொன்னான், "ஒரே வழிதான் இருக்கு." மறுநாள் இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்து கொடுத்தான். மாரடைப்புன்னு போட்டிருக்கு.

ஊருக்குத் தெரியணும்னு சடங்கு வச்சோம். துக்கத்துக்கு ஆஷ் சோறு ஆக்கிப் போட்டோம், முல்லா ஓதினார். நிகினாகிட்ட உண்மையைச் சொல்லலை. ஏழு வயசுப் பிள்ளை, பள்ளிக்கூடத்துல உளறிடும். அவ உங்க கோட்டை மூஞ்சியில வச்சிக்கிட்டு அழுதா. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னா அழுகை நின்னுடும். சொல்லலை.

என்னைத் திட்டி எழுதுங்க. திட்டினா நல்லா இருக்கும்.

மொஹிரா

*

முகாம்
30 அக்டோபர் 1993

மொஹிரா,

திட்ட மாட்டேன். சரியாகத்தான் செய்தாய். உன் இடத்தில் நான் இருந்திருந்தால் அரசியல் சட்டத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வீடும் போயிருக்கும்.

இங்கே மாவு பங்கிட ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், ஐ.நா. ஆட்கள். "வாத்தியார் இருக்காரே, அவர் நடத்தட்டும்" என்று எல்லோரும் என்னைத் தள்ளினார்கள். ஒரு கூடாரத்தில் பெட்டி வைத்தால் போதும், ஒரு மதியத்து வேலை. முடியாது என்று சொல்லிவிட்டு வந்து போர்த்திக்கொண்டு படுத்தேன். ஆயுதம் வைத்திருந்த ஒருவன் அந்த வேலையை எடுத்துக்கொண்டான். ஒழுங்காகத்தான் பங்கிடுகிறான், தன் ஊர்க்காரர்களுக்கு முதலில். யாரும் முணுமுணுக்கவில்லை. நானும் வரிசையில் நிற்கிறேன்.

நான் முடியாது என்றதற்குக் காரணம் பயமில்லை. பெட்டியைப் பார்த்து எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்கப் பேசிய ஒன்று, அன்றைக்கு வெறும் மரப்பெட்டியாக இருந்தது. சான்றிதழ் பொய் என்று நீ நினைக்க வேண்டாம்.

ஹிக்மத்

*

துஷான்பே
10 நவம்பர் 1994

உங்களுக்கு,

இதுதான் கடைசிக் கடிதம். இனிமே எழுதாதீங்க. செத்தவர்கிட்டேருந்து கடிதம் வருதுன்னு தபால் ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டுட்டான்.

நாலு நாளைக்கு முன்னாடி தேர்தல். புது அரசியல் சட்டத்துக்கும் ஜனாதிபதிக்கும் சேர்த்தே ஓட்டு. சட்டத்தைப் பேப்பர்ல போட்டிருந்தாங்க, உக்காந்து முழுசாப் படிச்சேன். அழகா இருக்கு. எல்லாமே இருக்கு. நீங்க எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பீங்க.

ஓட்டுச்சாவடி நிகினாவோட பள்ளிக்கூடத்துலதான். பாட்டு போட்டாங்க, மலிவு விலையில சம்சா வித்தாங்க. ஸஃபர் அண்ணன் வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை கொடுத்துக்கிட்டு இருந்தான், கல்யாண வீட்டுக்காரன் மாதிரி. நிகினாவையும் கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். இப்ப நல்லாப் படிக்கிறா, கடைப் பலகை, பஸ் நம்பர், எதையும் விடறதில்லை.

மேஜையில எனக்கு முன்னாடி பெயர்ப் பட்டியலை விரிச்சாங்க. என் பேருக்கு மேல உங்க பேரு. நீக்கலை. உங்க பேருக்கு நேரா கையெழுத்து இருந்துச்சு, நீல மையில. நீங்க ஓட்டு போட்டுட்டீங்க.

நான் அண்ணனைக் கூப்பிட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். "அண்ணே, சான்றிதழ் நீதானே வாங்கிக் கொடுத்தே. இவரு செத்துட்டாரே?"

அவன் சிரிச்சான். "அதனால என்ன தங்கச்சி? செத்தவன் ஓட்டுதான் நல்ல ஓட்டு. அப்புறம் வந்து சண்டை போட மாட்டான்."

மேஜைக்காரங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அதுக்குள்ள நிகினா எக்கி நின்னு பட்டியலைப் பாத்துட்டா. விரலை வச்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சா. என் கையைப் பிடிச்சு உலுக்கினா.

"அம்மா, அப்பா! அப்பா வந்து எழுதியிருக்காரு! அப்பா வந்துட்டுப் போயிருக்காரு!"

எல்லாரும் சிரிப்பை நிறுத்திட்டாங்க. நான் அவளைப் பிடிக்கறதுக்குள்ள வெளியில ஓடிட்டா. முற்றத்துல வரிசையில நின்ன ஆம்பளைங்க ஒவ்வொருத்தர் முகமா நிமிந்து பாத்துக்கிட்டே போனா.  அந்த வரிசையில பாதிப் பேருக்கு என்னைத் தெரியும்.

நான் போய்ச் சேர்றப்ப அவ வெளிக்கதவுக்கிட்ட துப்பாக்கியோட நின்ன காவல்காரனோட சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா.

"மாமா, எங்கப்பா எந்தப் பக்கம் போனாரு?"

மொஹிரா